கண்ணால் காணாத காரும் கடல் தாண்டிய நம்பிக்கையும்

மாட்டுச் சந்தையில் மாடு வாங்குகிறவர் முதலில் செய்வது என்ன? வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தரகரோடு விரலைப் பிடித்து விலை பேசுவார். பார்க்காமல் பொருள் வாங்கக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த முதல் வாணிப விதி.

அந்த விதியை மீறி நடக்கும் மிகப் பெரிய வாணிபம் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் ஏதோ ஒரு நகரில் ஒரு குடும்பம் சில ஆண்டுகள் ஓட்டிய கார், கிள்ளான் துறைமுகத்திலோ கொழும்பிலோ ஆக்லாந்திலோ வந்து இறங்குகிறது. அதை வாங்க முன்பணம் கட்டியவர் அந்தக் காரை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அதன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதில்லை. ஆயினும் வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதியை அதன் மீது வைக்கிறார்.

இது எப்படி நடைமுறைக்கு வந்தது? நல்ல நிலையில் உள்ள காரை ஜப்பானியர் ஏன் விற்கிறார்கள்? பார்க்காத பொருளை நம்பும் வழியை யார் கண்டுபிடித்தார்கள்? அந்த நம்பிக்கை எங்கெல்லாம் காத்தது, எங்கெல்லாம் கைவிட்டது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் ஒரு நூற்றாண்டு வரலாறு கண்முன் விரிகிறது.

பெட்டியில் வந்த கார்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கார் என்பது தொடக்கம் முதலே கடல் கடந்து வந்த பொருள்தான். 1896ஆம் ஆண்டு காட்ஸ் பிரதர்ஸ் என்ற வணிக நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் வாகனத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தது. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் ஓடிய தெருவில் குதிரையில்லாத வண்டி ஓடியதைக் கண்டு மக்கள் வியந்தனர். அன்று கார் வாங்கியவர் யாரும் அது செய்யப்பட்ட ஊரைப் பார்த்தவரல்லர். விற்ற கடையின் பெயரை நம்பியே வாங்கினர்.

1926ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் ‘ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் மலாயா’ என்ற கிளையை நிறுவியது. பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்கு ஃபோர்டு கார்களை விற்கும் உரிமை கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. காரை முழுதாக அனுப்பினால் கப்பலில் அதிக இடம் பிடிக்கும். கதவு, சட்டம், எஞ்சின் என்று பிரித்துப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினால் இடமும் மிச்சம், கூலியும் மிச்சம். வந்து சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். இந்த முறைதான் பிற்காலத்தில் நம் நாட்டின் வாகனத் தொழிலுக்கே அடித்தளமாயிற்று.

1941ஆம் ஆண்டு அக்டோபரில் புக்கிட் தீமாவில் ஃபோர்டின் புதிய ஆலை கட்டி முடிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவின் முதல் கார் பூட்டும் ஆலை என்று அது போற்றப்பட்டது. ஆனால் சில மாதங்களுக்குள் போர் வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்த ஆலைக்குள்தான். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே ஜப்பானிய இராணுவத்துக்கு லாரிகள் பூட்டப்பட்டன. 1980இல் மூடப்பட்ட அந்த ஆலை பின்னர் தேசிய நினைவுச் சின்னமாகி, இன்று போர்க்கால வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாக நிற்கிறது.

போரில் படையோடு வந்தவர்கள், சமாதான காலத்தில் காரோடு வந்தார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் உலகின் பாதி நாடுகளுக்கு அவர்களின் வண்டி போய்ச் சேர்ந்தது.

கப்பல் மாறியது, கணக்கும் மாறியது

1949ஆம் ஆண்டு ஜனவரியில் பென் பொன் என்ற டச்சு வணிகர் இரண்டு வோக்ஸ்வேகன் கார்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்றார். அந்த விசித்திர வடிவத்தைப் பார்த்து யாரும் வாங்க முன்வரவில்லை. ஒரு காரை விற்றுத் தங்கும் விடுதிக் கணக்கைக் கட்டிவிட்டுத் திரும்பினார். ஆனால் இருபதே ஆண்டுகளில் அதே கார் அமெரிக்காவுக்கு இலட்சக்கணக்கில் சென்றது. அவ்வளவு கார்களை எப்படி ஏற்றுவது என்பதுதான் அப்போது எழுந்த சிக்கல்.

பழைய முறையில் ஒவ்வொரு காரையும் கயிறும் வலையும் கட்டிப் பாரந்தூக்கியால் தூக்கிக் கப்பலின் வயிற்றில் இறக்குவார்கள். நேரமும் பிடிக்கும், வண்டியும் அடிபடும். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்கரான மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கொள்கலன் யுகம் அன்று பிறந்தது. ஒன்றிரண்டு கார்களை அனுப்புகிறவர்களுக்குக் கொள்கலன் வசதியாக அமைந்தது. ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர்களுக்கு அதுவும் போதவில்லை.

1970ஆம் ஆண்டு ஜப்பானின் ‘கே லைன்’ நிறுவனம் ‘டொயோட்டா மாரு எண் 10’ என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. கார்களை மட்டுமே ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட ஜப்பானின் முதல் கப்பல் அது. பார்வைக்கு மிதக்கும் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் போல இருக்கும். பின்பக்கப் பாலம் இறங்கும். ஓட்டுநர்கள் காரை ஓட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். தளத்தில் வரிசையாக நிறுத்தி வார்ப்பட்டையால் கட்டிவிடுவார்கள். போன ஊரில் அப்படியே ஓட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். இதைத்தான் ‘ரோ-ரோ’ கப்பல் என்கிறார்கள். தூக்குவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஒரு காரைக் கடல் கடத்தும் செலவு பெரிதும் இறங்கியது. புதுக் காருக்கென்று வந்த இந்த வசதி, பழைய காருக்கும் கடல்வழியைத் திறந்துவிட்டது.

ஓடுகிற காரை ஏன் விற்கிறார்கள்?

நம் நாட்டில் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய கார் சாதாரணம். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே ‘ஷாக்கென்’ என்ற கட்டாயச் சோதனை உண்டு. புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்கு உட்பட வேண்டும். சோதனைக் கட்டணம், எடை வரி, கட்டாயக் காப்புறுதி, பழுது பார்க்கும் செலவு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். “இவ்வளவு செலவு செய்வதற்குப் புதிய காரே வாங்கிவிடலாமே” என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட கார், சோதனைத் தேதி நெருங்கும்போது சந்தைக்கு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. சக்கரப்பிடி வலப்பக்கம் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, நியூசிலாந்து, பாகிஸ்தான், கென்யா போன்ற நாடுகளிலும் அதே வழக்கம். ஆகவே, இறக்கியதும் மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டலாம். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச் சென்ற சாலை விதி, ஜப்பானியக் காருக்கு ஆயத்தச் சந்தையாக அமைந்துவிட்டது.

பல்லைப் பிடித்துப் பார்க்க ஆள்

1970ஆம் ஆண்டு ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன கருத்து எளிமையானது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாங்குபவர் விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் தர மாட்டார்கள். மட்டமான காரையே தருவார்கள். இப்படியே போனால் சந்தையில் மட்டம் மட்டுமே மிஞ்சும். இந்தக் கருத்துக்காக 2001ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நேரில் நின்று பேரம் பேசும் இடத்திலேயே இந்த நிலை என்றால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் கதி என்ன?

விடை ஜப்பானில் பிறந்தது. 1985ஆம் ஆண்டு பழைய கார் வணிகரான மசாதாகா புஜிசாகி ‘ஆக்நெட்’ என்ற ஏலத்தைத் தொடங்கினார். அதில் காரை ஏலக்கூடத்துக்கே கொண்டுவர வேண்டியதில்லை. காரின் படங்கள் லேசர் தட்டுகளில் பதிவாகி வணிகர்களின் கடைகளுக்கு அனுப்பப்படும். வணிகர்கள் தத்தம் கடையில் அமர்ந்து, திரையில் படத்தைப் பார்த்து, கணினி வழியே விலை கேட்பார்கள். பின்னர் படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்றன. இணையம் வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்பே நடந்த புரட்சி இது.

படம் மட்டும் இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆக்நெட் தன் சோதனையாளர்களை விற்பவரின் இடத்துக்கே அனுப்பியது. அவர்கள் காரைச் சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதி, தரத்தை ஓர் எண்ணாகக் குறித்துக் கொடுத்தார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேண்டாத மூன்றாம் மனிதரின் சொல் அது. விளைவு ஆய்வாளர்களையே வியக்க வைத்தது. நேரில் பார்க்கும் ஏலத்தைவிட இங்கே சராசரி விலை கூடுதலாக இருந்தது. கண்ணால் பார்ப்பதைவிட, நம்பகமான ஒருவரின் அறிக்கைக்கு வணிகர்கள் அதிகம் கொடுத்தார்கள்!

இன்று ஜப்பானிய ஏலங்களில் ஒவ்வொரு காருக்கும் ‘ஏலத்தாள்’ எனப்படும் ஒரு பக்கச் சாதகம் உண்டு. புதியது போன்ற காருக்கு ‘எஸ்’. பிறகு 6, 5, 4.5, 4, 3.5 என்று தரம் இறங்கும். விபத்தில் சிக்கிப் பழுது பார்க்கப்பட்ட காருக்கு ‘ஆர்’ என்ற எழுத்து. காரின் வரைபடத்தில் ‘ஏ’ என்றால் கீறல், ‘யு’ என்றால் ஒடுக்கு, ‘டபிள்யு’ என்றால் தட்டிச் சாயம் பூசிய அடையாளம். எழுத்தை அடுத்த எண், குறை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும். ஓடிய கிலோமீட்டரும் அதில் பதிவாகும். மாட்டின் பல்லைப் பார்க்கும் வேலையை இந்தத் தாள் செய்கிறது.

போன இடமெல்லாம் பாதிப்பு

இந்தக் கார்கள் சென்றடைந்த நாடுகளில் வாழ்க்கையே மாறியது.

நியூசிலாந்து 1980களின் பிற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஜப்பானியப் பழைய கார்கள் வெள்ளமாக வந்தன. காரே வாங்க முடியாத குடும்பங்கள் கார் வாங்கின. அதே வேளை, அங்கே கார் பூட்டும் ஆலைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன. 1998ஆம் ஆண்டு இறக்குமதித் தீர்வையும் நீக்கப்பட, எஞ்சியிருந்த ஆலைகளும் மூடப்பட்டன. தேம்ஸ் நகரில் புதிய டொயோட்டா பூட்டிய ஆலை, ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களைச் சீர்படுத்தும் பட்டறையாக மாறியது. வாங்குபவருக்கு இலாபம், தொழிலாளிக்கு நட்டம் என்ற இரு பக்கமும் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விளாடிவோஸ்டாக் நகரம் இருக்கிறது. ரஷ்யாவில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனாலும் அந்நகரத் தெருக்களில் வலப்பக்கச் சக்கரப்பிடி கொண்ட ஜப்பானியக் கார்களே நிறைந்தன. சோவியத் ஆட்சி கவிழ்ந்து ஆலைகளும் கடற்படை வேலைகளும் சுருங்கிய நேரத்தில், கார் இறக்குமதிதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 2008 டிசம்பரில் அரசு உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி வரியை உயர்த்த முடிவு செய்தபோது, மக்கள் தெருவில் இறங்கினர். மாஸ்கோ பகுதியிலிருந்து கலகத் தடுப்புப் போலீசார் விமானத்தில் வரவழைக்கப்பட்டனர். உக்ரேன் போரைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டில் ஜப்பானே பெரிய எஞ்சின் கார்களையும் மின்கலம் சேர்ந்த கார்களையும் ரஷ்யாவுக்கு அனுப்பத் தடை விதித்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை. 1977க்கு முன் அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. அதனால் ஆஸ்டினும் மோரிஸும் பரம்பரைச் சொத்துப் போலக் காக்கப்பட்டன. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போவது தடைபட்டபோது, அந்தப் பழைய கார்களைச் சிறிது பெட்ரோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் அந்தப் புகை கக்கும் வண்டிகளில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். கடல்வழி மூடினால் பழைய இரும்பே தெய்வம் என்பதை யாழ்ப்பாணம் கண்டது.

பின்னாளில் ஜப்பானிய விட்ஸும் வேகன் ஆரும் இலங்கை நடுத்தரக் குடும்பங்களின் கனவாயின. ஆனால் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்து 2022இல் பொருளாதாரமே சரிந்தது. ஓடி ஓடித் தேய்ந்த காரின் விலை குறைவதற்குப் பதில் ஏறியது. தனியார் கார் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான், அதுவும் கனத்த வரியோடு.

நம் நாட்டுக் கணக்கு

மலேசியாவில் இந்தக் கார்களை ‘ரெகோண்ட்’ என்கிறோம். சாலையில் அல்பார்ட்டும் வெல்ஃபயரும் இத்தனை ஓடுவதற்கு இந்த வாணிபமே காரணம். ஆனால் இங்கே கதவு முழுதாகத் திறந்ததில்லை. 1970இல் ‘ஏபி’ எனப்படும் இறக்குமதி அனுமதிப் பத்திர முறை வந்தது. வாகன வாணிபத்தில் பூமிபுத்திராக்களுக்கு இடம் ஏற்படுத்துவது அதன் நோக்கம். 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985 ஜூலையில் சாகா கார் வெளிவந்த பிறகு, உள்நாட்டுக் காரைக் காக்கும் சுவராகவும் வரியும் பத்திரமும் பயன்பட்டன.

ஏபி பத்திரங்கள் யார் யாருக்குக் கிடைத்தன என்ற கேள்வி 2005இல் நாடு தழுவிய சர்ச்சையானது. பழைய கார் ஏபி முறை 2015 இறுதியில் முடிவுக்கு வரும் என்று 2009இல் அரசு அறிவித்தது. ஆனால் அந்தத் தேதி வந்தும் முறை நின்றுவிடவில்லை. பத்திரத்தின் விலையும், இறக்குமதி வரியும், கலால் வரியும் கடைசியில் வந்து விழுவது பயனீட்டாளர் தலையில்தான். ஜப்பானிய ஏலத்தில் மலிவாகப் போன கார், இங்கே கடைக்கு வரும்போது விலை மலைக்க வைப்பதன் இரகசியம் இதுவே.

சிங்கப்பூரில் கதை தலைகீழ். 1990 மே மாதம் அங்கே ‘சிஓஇ’ முறை வந்தது. ஒரு காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்குள் காரைக் கழித்துவிட்டால் கட்டிய தொகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆகவே, நல்ல ஓட்டத்தில் உள்ள கார்களும் அங்கிருந்து வேறு நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இறக்குமதியால் வாழ்ந்த தீவு, பழைய காரை ஏற்றுமதி செய்யும் தீவாகவும் ஆயிற்று.

கடலுக்கு இரக்கம் இல்லை

எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் கடல் என்று ஒன்று நடுவில் இருக்கிறது. 2006 ஜூலையில் சிங்கப்பூர்க் கொடி தாங்கிய ‘கூகர் ஏஸ்’ என்ற கப்பல், ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில், அலாஸ்காவின் தீவுகளுக்குத் தெற்கே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கப்பலைச் சமநிலையில் வைக்கும் நீரை மாற்றும்போது நேர்ந்த விபத்து அது. ஊழியர்கள் 23 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலை நிமிர்த்தச் சென்றவர்களில் ஒருவர் உயிரிழந்தார். உள்ளே இருந்த 4,703 மஸ்டா கார்கள் பெரும்பாலும் கட்டு அறுபடாமல் நின்றன. ஆனாலும் ஒன்றையும் விற்பதில்லை என்று அந்நிறுவனம் முடிவெடுத்து, அத்தனையையும் நொறுக்கியது. நாளை ஒரு காரில் கோளாறு வந்தால் போகும் பெயர், இன்று போகும் பணத்தைவிடப் பெரிது என்று அது கணக்குப் போட்டது.

எல்லாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஜப்பானில் ஏலத்தாளில் 1,20,000 கிலோமீட்டர் என்று பதிவான கார், வேறொரு நாட்டுக் கடையில் 45,000 காட்டினால், இடையில் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்பதே பொருள். ‘ஆர்’ தரக் கார் ‘விபத்தே இல்லாத கார்’ ஆவதும் அப்படித்தான். ஏமாற்று நடப்பது பெரும்பாலும் தாள் தொலையும் இடத்தில்தான். ஏலத்தாளை வாங்குபவரிடம் காட்டாமல் மறைத்துவிட்டால், ஏக்கர்லாஃப் சொன்ன பழைய இருட்டுச் சந்தை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே, ரெகோண்ட் கார் வாங்கப் போகும் குடும்பம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஏலத்தாள்; அதிலுள்ள அடிச்சட்ட எண் காரில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இரண்டு, ஜப்பானில் ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்றிதழ்; கார் முதன்முதலில் பதிவான மாதம், ஆண்டு அதில் இருக்கும். மூன்று, சுங்க வரி கட்டிய பத்திரம். இவற்றைக் காட்டத் தயங்கும் கடையில் காரின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. சாயம் பூச ஒரு நாள் போதும். சாதகத்தை மாற்றுவதுதான் கடினம்.

கடனை அடைக்க ஒன்பது ஆண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம் போகப் போகிறது என்னும்போது, மூன்று தாளைப் படிக்க ஒரு மணி நேரம் செலவிடுவது பெரிய காரியமல்ல. அன்று சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தயங்காதவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்கக் கூடாது.